“சிலிண்டருக்கா புள்ளடி?” – புறக்கோட்டை தேத்தண்ணிக் கடையில் வெடித்த ஜனாதிபதிச் சண்டை!

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் விடியமுன் லொறி வந்து நிற்கும். மூட்டை இறங்கும். மூட்டை இறங்கியதும் ஒரு பிளேன்ரீ. பிளேன்ரீ உள்ளே போனதும் அரசியல் வெளியே வரும். இது அந்தத் தெருவின் அன்றாட ஒழுங்கு.

2024 செப்டம்பரில் அந்த ஒழுங்கு குலைந்தது. லொறி வருமுன்பே அரசியல் வந்து பெஞ்சில் குந்திக்கொண்டது!

காரணம், செப்டம்பர் 21ஆம் திகதி சனிக்கிழமை நடந்த ஜனாதிபதித் தேர்தல். களத்தில் 39 பேர். அதில் ஒருவர் தேர்தலுக்கு முன்பே காலமானார். ஆனாலும் அவருடைய பெயரும் வாக்குச்சீட்டில் இருந்தது. சீட்டின் நீளம் 27 அங்குலம்! “இது சீட்டா, சால்வையா?” என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் 1 கோடியே 71 இலட்சம் பேர்.

39 பேரில் வாயில் அடிபட்டவர்கள் நாலைந்து பேர்தான். பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்கவுக்குக் காஸ் சிலிண்டர் சின்னம். எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவுக்குத் தொலைபேசி. அநுர குமார திஸாநாயக்கவுக்குத் திசைகாட்டி. தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்குச் சங்கு. நாமல் ராஜபக்ஷவுக்கு மொட்டு. மொட்டைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. கதைத்தவர்களும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

சண்டை நடந்த இடம் ஒரு சந்துக்குள் இருக்கும் தேத்தண்ணிக் கடை. மூன்று பெஞ்சு, ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் வடையும் மாலுபாணும். சுவரில் பழைய பலகை ஒன்று தொங்குகிறது: ‘கடன் அன்பை முறிக்கும்.’

அந்தப் பலகைக்குக் கீழே இருந்துகொண்டுதான் நாட்டின் கடனைப் பற்றி நாலு வாரம் அடிபட்டார்கள்!

காஸ் வந்த கதை

வெங்காய மொத்த வியாபாரி ஒருவர். வடமராட்சியில் பிறந்தவர், நாற்பது வருடமாகப் புறக்கோட்டைக்காரர். 1983 ஆடியில் தகப்பனின் கடை எரிந்ததைக் கண்ணால் கண்டவர். அவர் பகிரங்கமாகச் சிலிண்டர்.

“டொலர் இல்லாமல் கொள்கலன் துறைமுகத்தில கிடந்து வெங்காயம் முளைச்சது மறந்து போச்சோ உங்களுக்கு? ஆர் வந்து எடுத்து விட்டது? உந்த மனிசன்தானே!” என்று தொடங்குவார்.

பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவரிடமே மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளியிடமிருந்து! ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். முப்பது வயது இருக்கும். சாதாரணமாக முதலாளி முன்னால் வாய் திறவாதவர்.

“எடுத்து விட்டாரு சரிங்க முதலாளி. 2022ல வெறுஞ் சிலிண்டரத் தோள்ல வச்சுக்கிட்டு வரிசையில நின்னவன் நான். ராத்திரி ரோட்லயே படுத்தேன். இப்ப அதே சிலிண்டருக்குப் புள்ளடி போடச் சொல்றாங்களே, யாருங்க இந்தச் சின்னத்தத் தேடிப் புடிச்சது?”

கடை அதிர்ந்தது. வடை பொரித்துக்கொண்டிருந்தவர்கூட அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

சிரிப்புக்குப் பின்னால் உள்ள கதை சிரிப்பல்ல. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இலங்கை அறிவித்தது. அதே மாதம் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. காலிமுகத்திடலில் சனம் திரண்டது. ஜூலை 13ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டே ஓடினார். ஒரு வாரத்தில், ஜூலை 20ஆம் திகதி, பாராளுமன்றத்தில் 134 வாக்கு எடுத்து ரணில் ஜனாதிபதியானார். சனம் போட்ட வாக்கல்ல. எம்.பி.மார் போட்ட வாக்கு.

“அவர் வந்தாப் பிறகு வரிசை இல்லை. இது பொய்யோ?” என்றார் முதலாளி.

பொய்யில்லை. அதை யாரும் மறுக்கவில்லை. சண்டை அதற்கு மேல்தான்.

ஏணிக் கணக்கு

முதலாளியின் கடைக் கணக்கைப் பார்ப்பவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்தவர். இப்போது மகளோடு வெள்ளவத்தையில். காலை 101 பஸ்ஸில் வந்து இறங்குவார். தெருவே ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடும்.

“பணவீக்கம் விழுந்து போச்சு, பேப்பரைப் பாருங்கோ” என்று முதலாளி சொன்னதும் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பாடம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம்.

“2022 செப்டம்பரில பணவீக்கம் நூற்றுக்கு 69.8. போன மாதம் நூற்றுக்கு 0.5. சரி. அதுக்காக விலை இறங்கிப் போச்சு எண்டு சொல்லக்கூடாது. ஏணியில ஏறினவன் பத்தாம் படியில நிண்டிட்டான். ஏறுறதைத்தான் நிப்பாட்டியிருக்கிறான். கீழை இறங்கேல்லை. அதுக்குள்ளை எங்கட சம்பளம் இன்னும் மூண்டாம் படியில நிக்குது.”

பொருளாதாரம் படித்த பெரிய மனிதர்கள் தொலைக்காட்சியில் ஒரு மணித்தியாலம் விளக்கியும் விளங்காத சங்கதி, ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் எல்லோருக்கும் விளங்கியது!

உலக வங்கியின் கணக்குப்படி 2023இல் நாட்டில் நாலு பேருக்கு ஒருவர் வறுமையில். வற் வரி 2022இல் நூற்றுக்கு 8 ஆக இருந்தது, 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆனது. மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் நூற்றுக்கு 75 உயர்ந்து, 2023 பெப்ரவரியில் மறுபடி நூற்றுக்கு 66 உயர்ந்தது. 2024இல் இரண்டு தடவை குறைத்தார்கள் என்பதும் உண்மை.

கோட்டையில் ஒரு திணைக்களத்தில் வேலை செய்யும் கிளார்க் ஒருவர் அந்தப் பேச்சில் புகுந்தார். அவர் தொலைபேசிக் கட்சி.

“குறைச்சது தேர்தலுக்கு. ஏத்தினது ஐ.எம்.எப்.புக்கு. நான் கட்டினது என்ர பொக்கற்றால!”

சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20ஆம் திகதி இலங்கைக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் தருவதற்கு ஒப்புதல் கொடுத்தது. நாலு வருடத்தில் தவணை தவணையாக. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு சோதனை. வரி எடுத்தாயா? மின்சாரத்தை நட்டத்துக்கு விற்காமல் இருந்தாயா? பாஸ் என்றால் காசு.

அந்த உடன்படிக்கையைத் தொடக்கூடாது, தொட்டால் நாடு மறுபடி விழும் என்றார் ரணில். விலகமாட்டோம், ஆனால் சனத்தின் தலையில் ஏற்றிய சுமையைக் குறைக்கப் பேசுவோம் என்றார்கள் சஜித்தும் அநுரவும். மேடைக்கு மேடை இதுதான் பேச்சு. தேத்தண்ணிக் கடையிலும் இதுதான்.

“கடன் குடுத்தவனோட போய்ச் சண்டை பிடிக்கப் போறீங்களோ? நான் ஆருக்கும் கடன் குடுத்திருந்தா விடுவனோ?” என்றார் முதலாளி.

“நீங்கள் வட்டிக்குக் குடுக்கேக்கை ஆளின்ர பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசு மிஞ்சுமோ எண்டு பாக்கிறேல்லையே” என்றார் கிளார்க்.

ஒரு நிமிடம் சத்தம் இல்லை. வார்த்தை கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. கடைக்காரர்தான் நிலைமையைக் காப்பாற்றினார்.

“என்ர தங்கச்சி குவைத்தில வீட்டு வேலை. 2022 தொடக்கத்தில பாங்கில போட்டா டொலருக்கு 200 சொச்சம். உண்டியல்ல குடுத்தா இன்னும் கூட. எல்லாரும் உண்டியல்ல குடுத்தம். பிறகு நாட்டில டொலர் இல்லை எண்டு நாங்களே வரிசையில நிண்டம்! அரசாங்கத்தை மட்டும் பேசி என்ன?”

யோசிக்க வேண்டிய கதை. மத்திய வங்கி ரூபாவை நீண்ட நாள் பிடித்து வைத்திருந்துவிட்டு 2022 மார்ச்சில் கையை விட்டது. மே மாதம் டொலர் 360 ரூபா வரை போனது. தேர்தல் நேரம் 300 சொச்சத்தில் நின்றது.

இந்தியாவா சீனாவா? – நானா சொன்ன பதில்

‘வெளிநாட்டுக் கொள்கை’ என்றால் பெரிய இடத்துப் பேச்சு என்று நினைப்பவர்கள் இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் வந்து பார்க்கலாம். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் தினமும் ஏழரைக்கு இந்தக் கடைக்கு வருவார். எல்லோருக்கும் அவர் ‘நானா’.

“எங்கட கடையில துணி சூரத். பொத்தானும் சிப்பும் சீனா. தைக்கிறது நம்மட புள்ளைகள். இதில எந்த நாட்டப் பகைக்கச் செல்றீங்க?” என்று கேட்டார் நானா.

2022இல் நாடு தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்கு உதவியது. எரிபொருள், மருந்து, அரிசி எல்லாம் அதற்குள் அடக்கம். அதே வருடம் ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்ததும் டில்லி முகம் சுளித்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவில் ஒரு சின்ன வளவு. வேலி போடுவதற்கும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்!

“திசைகாட்டிக்காரர் இந்தியாவுக்கு எதிரி. 1987ல ஒப்பந்தம் வந்த நேரம் ஜே.வி.பி. ஆடின ஆட்டம் எங்களுக்குத் தெரியாதோ?” என்றார் முதலாளி. இளம் ஆட்கள் பேசாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தை அறிந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்திய விஸ்தரிப்புவாதம் என்பது ஜே.வி.பி. தன் ஆட்களுக்கு நடத்திய வகுப்புகளில் ஒன்று. மறைக்க முடியாத வரலாறு.

“அதே ஆள இந்த வருசம் பெப்ரவரியில டில்லிக்காரனே கூப்பிட்டு மரியாதை செஞ்சு அனுப்பினானே மாமா! டில்லிக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்?” என்றார் நானாவின் கடையில் நிற்கும் பையன்.

அதுவும் உண்மை. 2024 பெப்ரவரியில் அநுர டில்லி போய் வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கரைச் சந்தித்தார். ஆனால் மன்னாரில் அதானி கம்பனிக்குக் கொடுத்த காற்றாலைத் திட்டத்தை இரத்துச் செய்வோம் என்று தேர்தலுக்குக் கிட்டத்தில் சொன்னவரும் அவர்தான். “பாருங்கோ, தொடங்கிட்டார்!” என்று முதலாளி துள்ளினார்.

பின்னால் நடந்ததையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அநுர ஜனாதிபதியாகி முதல் வெளிநாட்டுப் பயணம் போனது டில்லிக்கு, 2024 டிசம்பரில். அடுத்த மாதம் பீஜிங். அதானி கம்பனி 2025 பெப்ரவரியில் காற்றாலைத் திட்டத்தை விட்டுத் தானே விலகியது. ஐ.எம்.எப். உடன்படிக்கையை அநுர கிழித்துப் போடவில்லை, தொடர்ந்தார். அன்றைக்குக் கடையில் தொண்டை கிழியக் கத்திய இரண்டு பக்கத்தாருக்கும் பாதிப் பாதி வெற்றி!

நானா யாருக்கு வாக்குப் போட்டார்? கடைசி வரை வாய் திறக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் அடக்க விடாமல் எரிக்க வைத்தது கோட்டாபயவின் அரசாங்கம். நானாவின் சொந்தத்திலும் ஒரு மையித்து அப்படிப் போனது.

“அந்தக் குடும்பத்துக்கு மட்டும் இல்ல. மத்தது ஆருக்கெண்டு அல்லாஹ்வுக்கும் எனக்கும் தெரியும்” என்றார். தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

“2 போடுங்கோ மாஸ்டர்!” – “போடமாட்டன்!”

உண்மையான சண்டை கடைசி வாரத்தில்தான் தொடங்கியது. அது சிலிண்டருக்கும் திசைகாட்டிக்கும் நடந்த சண்டையல்ல. மாஸ்டருக்கும் கிளார்க்குக்கும் இடையில் நடந்தது. ஒரேயொரு இலக்கத்துக்காக!

ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவர் 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் வெளியே. வெளியேறியவர்களின் சீட்டுகளை மறுபடி விரித்து, அதில் 2 அல்லது 3 மிச்சமிருக்கும் இருவரில் ஒருவருக்கு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விழுந்திருந்தால் அவருக்குச் சேரும். ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சீட்டின் ஆயுள் அதோடு முடிந்தது.

1982இல் இருந்து 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டினார். அதனால் இந்த 2, 3 விசயத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஒற்றைப் புள்ளடி போட்டுவிட்டு வருவதுதான் சனத்தின் பழக்கம். 2024இல் மும்முனைப் போட்டி. இந்த முறை அந்த இரண்டாம் எண்ணிக்கை வரும் என்று பலரும் சொன்னார்கள்.

மாஸ்டர் சங்கு. அதில் சந்தேகமே இல்லை.

“75 வருசமா இவங்களிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. 13ஆம் திருத்தம் எண்டுறாங்கள், சட்டத்திலயே இருக்கிறதைத் தர மனமில்லை. இந்த ஒருக்கா எங்கட ஆளுக்குப் போட்டுக் காட்டவேணும்.”

“சரி மாஸ்டர். 1 சங்குக்குப் போடுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா சங்கு ஜனாதிபதியாகப் போறதில்லை எண்டு உங்களுக்கும் தெரியும். 2 தொலைபேசிக்குப் போடுங்கோ. தமிழரசுக் கட்சியே சஜித்துக்கு ஆதரவெண்டு சொல்லிப்போட்டுது” என்றார் கிளார்க்.

தமிழரசுக் கட்சி செப்டம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி அப்படித் தீர்மானித்தது. பா. அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர் என்பதுதான் வேடிக்கை. வீடு ஒன்று, வாசல் இரண்டு!

“2 போட்டா 1 போட்டதுக்கு என்ன மரியாதை?” என்றார் மாஸ்டர். “எங்களுக்கு வேற வழியில்லை, கடைசியில உங்களிட்டத்தான் வருவம் எண்டு நானே எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கும்.”

இதற்குக் கிளார்க்கிடம் உடனே பதில் இல்லை. நியாயமான வாதம்தான். ஆனால் அவர் விடவில்லை. அடுத்த நாள் பழைய கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்.

“மாஸ்டர், 2005இல் நீங்கள் எங்கை?”

மாஸ்டரின் முகம் மாறியது.

2005 நவம்பரில் மஹிந்த ராஜபக்ஷவும் ரணிலும் மோதினார்கள். வடக்கில் புலிகளின் பகிஷ்கரிப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்குப் போட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் சொச்சம். ரணில் தோற்றது 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786 வாக்கால்! மஹிந்த எடுத்தது நூற்றுக்கு 50.29. அதற்குப் பிறகு வந்த மூன்றரை வருடத்தில் வடக்கும் கிழக்கும் பட்ட பாட்டை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு மாஸ்டர் யாழ்ப்பாணத்தில். வாக்குச்சாவடி அவருடைய பாடசாலையிலேயே இருந்தது. போகவில்லை. போக முடியவில்லை.

“அண்டைக்குப் போட விடேல்லை. அது வேற. இண்டைக்கு ஆரும் உங்களைத் தடுக்கேல்லை. நீங்களா சீட்டின்ர பாதியை வெறுமையா விடப்போறீங்கள்” என்றார் கிளார்க்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பாடம் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அன்று பாடம் நடத்தியவர் அவரல்ல.

ஹற்றன் பஸ்

செப்டம்பர் 18ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. சட்டப்படி மௌன காலம். தேத்தண்ணிக் கடைக்கு அந்தச் சட்டம் செல்லாது போலும்!

வெள்ளிக்கிழமை பின்னேரம் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கொழும்பில் வேலை, ஊரில் வாக்கு. எத்தனை ஆயிரம் பேர்! நாட்டாமைத் தொழிலாளிக்கும் நுவரெலியா மாவட்டத்தில்தான் வாக்கு. போய்வர இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். முதலாளியிடம் முன்பணம் கேட்டார்.

“தாறன். போய்ச் சிலிண்டருக்குப் போட்டிட்டு வா” என்றார் முதலாளி.

“காசு கூலியில கழிச்சுக்கங்க. சிலிண்டர் வேணாங்க முதலாளி” என்றார் அவர்.

முதலாளி முறைத்தார். பிறகு காசை எண்ணிக் கொடுத்தார். ஒரு நூறு ரூபா கூடவே இருந்தது. கழிக்கச் சொல்லவில்லை.

தோட்டத் தொழிலாளர் சம்பளம் 1,700 ரூபா என்ற பேச்சு அந்த வருடம் முழுக்க இழுபட்டது. கடைசியில் 1,350 அடிப்படையும் 350 மேலதிகமும் என்று வந்து நின்றது. தொழிலாளர் காங்கிரஸ் ரணில் பக்கம். தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம். இந்த இரண்டு அணியின் தலைவர்களும் அநுர பக்கம் நிற்கவில்லை. “தலைவருங்க சொன்ன பக்கம் எங்கப்பா போட்டாரு, தாத்தா போட்டாரு. லயம் அப்பிடியேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார்.

சனிக்கிழமை வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. அன்றிரவு 10 மணிக்கு ஊரடங்குச் சட்டம். ஞாயிறு நண்பகல் வரை நீடித்தார்கள். தேத்தண்ணிக் கடை பூட்டு. சண்டை போட ஆளில்லாமல் எல்லோரும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால்.

ஞாயிறு, எதிர்பார்த்தது நடந்தது. அநுர 56 இலட்சத்து 34 ஆயிரத்து 915, நூற்றுக்கு 42.31. சஜித் 43 இலட்சத்து 63 ஆயிரத்து 35, நூற்றுக்கு 32.76. ரணில் மூன்றாம் இடம், நூற்றுக்கு 17.27. யாருக்கும் பாதி இல்லை. நாட்டின் சரித்திரத்தில் முதல் தடவையாக விருப்பு வாக்கு எண்ணும் வேலை தொடங்கியது. அன்று மாலையே முடிவு வந்தது. ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க.

திங்கள் பதவியேற்பு, விசேட விடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் நாலாம் குறுக்குத் தெரு மறுபடி விழித்தது.

வெங்காய பில்லின் பின்பக்கம்

செவ்வாய் காலை கடையில் வந்து குந்தியதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி: “டொலர் எவ்வளவு?” சனிக்கிழமை நின்ற இடத்தில்தான் ஏறக்குறைய நின்றது. “சரி, பிழைச்சம்” என்றார். அதற்கு மேல் அநுரவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

ஹற்றனிலிருந்து ஆள் விடிய வந்து இறங்கிவிட்டார். நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் தொலைபேசிக்கு. “எங்க மாவட்டத்துல தோத்தோம், நாட்டுல ஜெயிச்சோம்” என்று சொல்லிவிட்டு மூட்டைக்குப் போனார். யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் தொலைபேசிதான். சங்கு இரண்டாம் இடம். நாடு முழுவதும் சங்குக்கு விழுந்தது 2 இலட்சத்து 26 ஆயிரத்து 343.

மாஸ்டர் ஒன்றும் பேசாமல் பழைய வெங்காய பில் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். கிளார்க் எட்டிப் பார்த்தார்.

செல்லுபடியான வாக்கு 1 கோடியே 33 இலட்சத்து 19 ஆயிரத்து 616. முதல் இருவருக்கும் விழுந்ததைக் கழித்தால் மிச்சம் 33 இலட்சத்து 21 ஆயிரத்து 666. சிலிண்டர், மொட்டு, சங்கு, மற்றெல்லாம் இதற்குள். இதில் 2 அல்லது 3 போட்டு அநுரவுக்கு வந்து சேர்ந்தது 1 இலட்சத்து 5 ஆயிரத்து 264. சஜித்துக்கு 1 இலட்சத்து 67 ஆயிரத்து 867. கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரத்து 131.

“கழியுங்கோ” என்றார் மாஸ்டர், வகுப்பில் பிள்ளையிடம் சொல்வது போல.

கிளார்க் கழித்தார். 30 இலட்சத்து 48 ஆயிரத்து 535.

பன்னிரண்டு சீட்டில் பதினொரு சீட்டு! ஒன்றில் 2, 3 போடவே இல்லை, அல்லது போட்டதும் கடைசி இரண்டு பேருக்கு இல்லை. அநுரவுக்கும் சஜித்துக்கும் இடையில் முடிவில் இருந்த வித்தியாசம் 12 இலட்சத்து 9 ஆயிரத்து 277. வெளியே நின்றது 30 இலட்சம். அந்தச் சீட்டுகள் கதைத்திருந்தால் முடிவு இதேதான் வந்திருக்கும், அல்லது மாறியிருக்கும். யாருக்குத் தெரியும்? நாலு வாரம் டொலரையும் டில்லியையும் பீஜிங்கையும் போட்டுப் பிழிந்தவர்கள், திரைக்குப் பின்னால் பென்சிலை எடுத்ததும் ஒரு கோட்டோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

“நான் 2 போட்டனான்” என்றார் முதலாளி திடீரென்று.

எல்லோரும் திரும்பினார்கள். சிலிண்டர், சிலிண்டர் என்று மாதம் முழுக்கக் கத்தியவர்!

“என்ன பாக்கிறீங்கள்? 1 சிலிண்டர், 2 தொலைபேசி. பெரிய வெங்காயம் முடிஞ்சு போச்செண்டா சின்ன வெங்காயம் இருக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ எண்டுதானே நான் நாற்பது வருசமா யாவாரம் செய்யிறன்? கடையை இழுத்து மூடிப்போட்டு வீட்டை போறதோ?”

கிளார்க்குக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு மாதமாகத் தான் மாஸ்டரிடம் சொல்ல முயன்றதை, எதிர்க்கட்சி முதலாளி ஒரு வெங்காயத்தில் சொல்லிவிட்டார்!

“மாஸ்டர்...” என்று தயங்கினார் கிளார்க். “உங்கட சீட்டு?”

மாஸ்டர் பேனையை எடுத்து, 30,48,535 என்று எழுதியிருந்த இடத்தில் கடைசி 5ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“இந்த அஞ்சுக்குள்ளை ஒண்டு நான்.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் கேட்காமலே அவர் முன்னால் இன்னொரு பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்தார்.

முதலாளி எட்டி அந்த பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதறினார்.

“ஐயோ மாஸ்டர், இது மருதானைக் கடைக்காரன் காசு தர இருக்கிற பில்! இதிலயோ நாட்டின்ர கணக்கைப் போட்டனீங்கள்?”